லாரி செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்கப் போகும் முன் இதைப் பாருங்கள்

லாரி ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: சாவி போட்டதும் என்ன சத்தம் வந்தது? டிரைவர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும். சங்ககிரியில் லாரி எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். பேட்டரி போய்விட்டது என்று கழற்றிக்கொண்டு வருகிறவர்களில் நிறைய பேருடைய பேட்டரி போகவே இல்லை. கேபிளில் கோளாறு இருக்கும், பேட்டரி நெகட்டிவை சேசிஸோடு இணைக்கிற எர்த்தில் இருக்கும், சார்ஜ் ஏற்றுகிற டைனமோவில் இருக்கும். ஒரு ஜோடிக்கு இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்துப் புதுசு போட்ட பிறகும் அதே கோளாறு பத்து நாளில் திரும்பி வந்து நிற்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால் சத்தத்தை வைத்தே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கடைசியில் வாங்குவதைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

பெரிய லாரிகளில் இருப்பது 24 வோல்ட் லைன். 12 வோல்ட் பேட்டரி இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். இப்படிக் கோத்தால் வோல்ட்தான் கூடும், ஏ.எச். (ஆம்பியர் அவர், பேட்டரியில் எவ்வளவு கரண்ட் பிடிக்கும் என்ற அளவு) கூடாது. 130 ஏ.எச். இரண்டு போட்டாலும் உங்கள் கையில் இருப்பது 130தான்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 16 மடங்கு, 18 மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு ஏறாது, இன்ஜின் பிடிக்காது. அதனால்தான் சாவி திருப்பிய முதல் நொடியில் பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்ட வேண்டியிருக்கிறது. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, ஆகவே பேட்டரி நல்லது என்று சொல்வதை நம்பாதீர்கள். ஹெட்லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும், செல்ஃபுக்குப் போதாது.

வோல்ட் அளக்க மல்டிமீட்டர் ஒன்று, ஆசிட்டின் அடர்த்தி பார்க்க ஹைட்ரோமீட்டர் ஒன்று வண்டியில் கிடக்கட்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில், எதையும் ஆன் செய்வதற்கு முன், ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. மூடி உள்ள பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரும் வையுங்கள். நல்ல சார்ஜில் கம்பெனியைப் பொறுத்து 1.240 முதல் 1.280 வரை காட்டும். அந்த எண்ணை விட முக்கியமானது, ஆறு செல்லும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் காட்டுகிறதா என்பது. ஐந்து செல் 1.250 காட்டி ஒன்று மட்டும் 1.180 காட்டினால் அந்த செல் போய்விட்டது, அந்தப் பேட்டரி இனி தேறாது. ஆறும் சேர்ந்து குறைவாக இருந்தால் அது வெறும் சார்ஜ் இல்லாத பேட்டரி. வெளியே சார்ஜரில் ஒரு ராத்திரி போட்டுவிட்டு மறுபடி பார்க்காமல் அதைக் கெட்டுப்போனது என்று முடிவு கட்டாதீர்கள்.

“டக்” என்று ஒரு சத்தம், அதோடு சரி

செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடுகிற சோலினாய்டு இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. இங்கேதான் அதிகம் பேர் பேட்டரிக் கடைக்கு ஓடுகிறார்கள். ஓடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்: ஒருவர் மல்டிமீட்டரைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைத்துப் பிடிக்கட்டும் (கிளாம்பில் வைக்கக் கூடாது), இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். அந்த நேரத்தில் ஒரு பேட்டரி 9.6க்குக் கீழே விழுந்தால் அதில் தெம்பு இல்லை. 12க்கு மேலேயே அசையாமல் நின்றால் பேட்டரியிலிருந்து கரண்ட் வேண்டிய அளவு வெளியே போகவில்லை என்று அர்த்தம். கேபிளையும் எர்த்தையும் பாருங்கள், அதுவும் நன்றாக இருந்தால் செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ சோலினாய்டு காண்டாக்டோ தேய்ந்திருக்கும்.

கேபிளைப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. மீட்டரின் ஒரு முனை செல்ஃபுக்குக் கேபிள் போகிற பாசிட்டிவ் கம்பத்தில், இன்னொரு முனை செல்ஃப் மோட்டாரின் பெரிய நட்டில். செல்ஃப் அடிக்கும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ அடைப்பு. அடுத்து இன்ஜின் பிளாக்குக்கும் எர்த் கேபிள் மாட்டியிருக்கிற நெகட்டிவ் கம்பத்துக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இரண்டு பேட்டரியையும் இணைக்கிற குட்டைக் கேபிளை மறந்துவிடாதீர்கள், அதை யாரும் பார்ப்பதே இல்லை.

மீட்டர் இல்லையா? கை இருக்கிறது. மூன்று நான்கு முறை செல்ஃப் அடித்துவிட்டு உடனே ஒவ்வொரு ஜாயின்டையும் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அதுதான் குற்றவாளி.

போன ஆடி மாசம் ஒரு பத்துச் சக்கர வண்டி வந்தது. ஓனர் கண்ணில் தூக்கமே இல்லை. “அண்ணா, புது 150 ரெண்டு போட்டு ஒம்போது நாள்தான் ஆச்சுங்க, மறுபடியும் அதே டக்குதானுங்க” என்றார். இரண்டு பேட்டரியும் 12.6 நின்றன. செல்ஃப் அடிக்கச் சொன்னேன், 12.3க்குக் கீழே இறங்கவில்லை. நாலாவது தடவை அடித்ததும் சேசிஸில் எர்த் கேபிள் மாட்டியிருந்த போல்ட்டைத் தொட்டேன், சுரீர் என்று கையை எடுத்துக்கொண்டேன். கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் சிவப்புப் பெயின்ட். பாடி கட்டி பெயின்ட் அடித்தபோது கேபிளைக் கழற்றி, பெயின்ட் காய்ந்த பிறகு அதன் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னுகிற வரை தேய்த்து, முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். அரைத் திருப்பில் ஸ்டார்ட். அவருடைய பழைய இரண்டு பேட்டரியும் அதற்குள் எடைக்குப் போயிருந்தன.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் செல்லுக்குள் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது, மூடியை இறுக்கிவிட்டுச் செய்யுங்கள்.

“டிக்டிக்டிக்டிக்” என்று மிஷின் போலத் துடிக்கிறது

இது பெரும்பாலும் பேட்டரியில் வோல்ட் இல்லாததுதான். சோலினாய்டு இழுக்கிறது, இழுத்தவுடன் வோல்ட் விழுகிறது, விடுகிறது, மறுபடி இழுக்கிறது. டேஷ் விளக்கும் கூடவே மங்கி மங்கி எரியும். சார்ஜ் போடுங்கள். போட்ட பிறகு ஏன் இறங்கியது என்று கீழே உள்ளவற்றில் தேடுங்கள். தேடாமல் விட்டால் அடுத்த வாரமும் இதுதான்.

இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

பழைய பம்பு வண்டி என்றால் தம் கட்டியாவது பிடித்துவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளிலும் அதற்கு முந்தைய காமன் ரெயில் வண்டிகளிலும் கதை வேறு. இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கிற ரெயில் என்ற குழாயில் பிரஷர் ஏறுவதற்குக் குறைந்தபட்ச வேகம் வேண்டும், ஈ.சி.எம். என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் விழித்திருப்பதற்குக் குறைந்தபட்ச வோல்ட் வேண்டும். செல்ஃப் ஓரளவு சுற்றும், ஆனால் இன்ஜெக்டர் டீசலே விடாது. சென்சார் போயிற்று, இன்ஜெக்டர் போயிற்று என்று ஸ்கேனர் வைத்து இரண்டு நாள் தேடுவார்கள், காரணம் பலவீனமான பேட்டரியாக இருக்கும். இந்த வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது இரண்டு பேட்டரியும் சேர்ந்து 19 வோல்ட்டுக்குக் கீழே போனால் முதலில் பேட்டரியைச் சரி செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

இவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம். பேட்டரி சுத்தமாகக் காலி என்றால் ஈ.சி.எம்முக்குக் கரண்ட் இல்லை, எத்தனை பேர் தள்ளினாலும் பிடிக்காது. அப்புறம், மெயின் சுவிட்ச் வைத்திருக்கிறவர்கள் சாவியை எடுத்த உடனே அதை அணைக்காதீர்கள், புகையைச் சுத்தம் செய்கிற யூரியா லைனைக் காலி செய்து முடிக்க வண்டிக்கு ஒன்றிரண்டு நிமிடம் கரண்ட் வேண்டும்.

செல்ஃப் விறுவிறுவென்று நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். டீசல் லைனில் காற்று, ஃபில்டர் அடைப்பு, அந்தப் பக்கம் போங்கள்.

ராத்திரி நிறுத்தினால் நன்றாக இருக்கிறது, நாலு நாள் நிறுத்தினால் போய்விடுகிறது

எதுவோ கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. ஜி.பி.எஸ். பெட்டி, மெயின் சுவிட்ச்சுக்கு முன்னாலிருந்து நேராக எடுத்த கேபின் ஃபேன், அலங்கார விளக்கு, ரிலே ஒட்டிக்கொண்டது, எதுவாகவும் இருக்கலாம். அரை ஆம்பியர் என்பது அற்பமாகத் தெரியும். ஒரு நாளைக்கு 12 ஏ.எச்., ஐந்து நாளில் 60. 130 பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதி போயாகிவிட்டது.

எல்லாவற்றையும் அணைத்து, கதவைச் சாத்தி, எர்த் கேபிளைக் கழற்றி, கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டுக் கோத்துப் பாருங்கள். இந்த நேரத்தில் யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் கருகிவிடும். 0.05 ஆம்பியர் பக்கம் இருந்தால் பரவாயில்லை. ஜி.பி.எஸ். இருந்தால் கொஞ்சம் கூடக் காட்டும். அதிகம் காட்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது விழுகிறதோ அந்த லைன். எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் விழவில்லை என்றால் டைனமோவின் பெரிய வயரைக் கழற்றிப் பாருங்கள், டயோடு போன டைனமோ ராத்திரி முழுக்கப் பேட்டரியைக் குடிக்கும்.

ஓட்டிக்கொண்டே இருக்கிறேன், இருந்தும் சார்ஜ் நிற்கவில்லை

இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் ரேஸ் கொடுத்து இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து அளந்து பாருங்கள். 27.6 முதல் 28.8 வரை இருக்க வேண்டும். 27க்குக் கீழே என்றால் பெல்ட் தளர்வு, பிரஷ் தேய்வு, கட்-அவுட் (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்) கோளாறு. 29ஐத் தாண்டினால் அதைவிட மோசம், பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது: தண்ணீர் வாரா வாரம் வற்றும், பேட்டரி தொட்டால் சுடும், அழுகின முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் வண்டியை நிறுத்துங்கள், பக்கத்தில் பீடி பற்ற வைக்க யாரையும் விடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், பிளேட்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் அளவு. ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம், ஏ.சி. தண்ணீர் வேண்டாம். ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். வற்றுவது தண்ணீர், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. ஆசிட் சேர்த்தால் இரண்டு நாள் துள்ளும், அப்புறம் பிளேட் அரித்துவிடும்.

ஒரு பேட்டரி மட்டும் திரும்பத் திரும்பப் போகிறது

இதுதான் நம் ஊர் லாரிகளின் பெரிய வியாதி. பாட்டுப் பெட்டி 12 வோல்ட், வண்டி 24 வோல்ட். என்ன செய்கிறார்கள்? எர்த் பக்கம் உள்ள பேட்டரியிலிருந்து மட்டும் ஒரு வயர் இழுத்துவிடுகிறார்கள். போன் சார்ஜர், ஃபேன், சில வண்டியில் சமையல் விளக்குக்கூட அதே பேட்டரியில்தான். ஒரு பேட்டரி தினமும் இறங்குகிறது, இன்னொன்று நிறைவாகவே இருக்கிறது. டைனமோவுக்கு இது தெரியாது, அது இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் கொடுக்கிறது. இறங்கிய பேட்டரி 13 சொச்சத்திலேயே நின்றுவிடும், நிறைந்தது 15ஐத் தொடும். ஒன்று பசியிலேயே கெடுகிறது, பிளேட்டில் வெள்ளை சல்பேட் படிந்து இறுகிவிடும். இன்னொன்று தின்று தின்றே கெடுகிறது, தண்ணீர் வற்றிப் பிளேட் உதிரும். ஒரே வயரால் இரண்டு பேட்டரியும் சாகிறது.

இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக அளந்து பாருங்கள். அரை வோல்ட் வித்தியாசம் இருந்தாலே எச்சரிக்கை. அந்த வயரைப் பிடுங்கிவிட்டு 24க்கு 12 கன்வெர்ட்டர் போடுங்கள். அது இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுக்கும், புதுப் பேட்டரி விலையோடு பார்த்தால் பெரிய செலவே இல்லை.

ஒரு புதுசு ஒரு பழசு என்று ஜோடி சேர்ப்பதும் இதே நாசம்தான். பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

குளிர் ஊருக்குப் போனால் மட்டும் எடுக்கவில்லை

காஷ்மீர், இமாச்சல் பக்கம் லோடு எடுக்கிறவர்களுக்கு இது. நம் வெயில் பேட்டரியின் ஆயுளைத் தின்னும், தெம்பு குறைந்ததைக் காட்டிக்கொடுக்காது. குளிர் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நாமக்கல்லில் சிரமமில்லாமல் எடுத்த அரைகுறை பேட்டரி அங்கே படுத்துவிடும், ஏனென்றால் குளிரில் பேட்டரியின் தெம்பு பெருமளவு குறைகிறது, இன்ஜின் ஆயிலும் கெட்டியாகிச் சுற்றுவதற்கு அதிக பலம் கேட்கிறது. சார்ஜ் இறங்கிய பேட்டரியில் ஆசிட் நீர்த்துப் போயிருக்கும், கடும் குளிரில் அது உறைந்து பெட்டியே வெடித்துப் பிளக்கலாம். உறைந்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கவே கூடாது. மலை ஏறுவதற்கு முன் இரண்டும் முழு சார்ஜில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தாயிற்று, பேட்டரிதான் என்றால்

சரி, வாங்கலாம். கம்பெனி போட்டு அனுப்பிய ஏ.எச்.க்குக் குறையாமல் வாங்குங்கள். தட்டில் உட்காரும் என்றால் ஒரு படி கூட வாங்கலாம், செல்ஃபுக்கு ஒன்றும் ஆகாது, அது தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். ஆனால் ஏ.எச். மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 150 ஏ.எச். என்பது 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்ற கணக்கு. செல்ஃபுக்கு வேண்டியது ஒரே மூச்சில் கொட்டுகிற பலம், அதைச் சொல்வது சி.சி.ஏ. என்ற எண்: மைனஸ் 18 டிகிரியில் 30 நொடிக்கு 7.2 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பது. லேபிளில் இல்லை என்றால் கடைக்காரரிடம் கம்பெனித் தாளைக் கேளுங்கள். ஒரே ஏ.எச்., ஒரே விலை என்றால் சி.சி.ஏ. கூட உள்ளதை எடுங்கள். எடையையும் பாருங்கள், அதே அளவுப் பெட்டியில் கனமானதில் ஈயம் அதிகம்.

வீட்டு இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரியை லாரியில் போடாதீர்கள். அதுவும் 150தான், உயரமாக, கம்பீரமாக இருக்கும், செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்கும் வரும். அதன் பிளேட் தடிமனானது, மெதுவாக, நீண்ட நேரம் கொடுப்பதற்குச் செய்தது. செல்ஃபுக்கு மெல்லிய பிளேட் நிறைய வேண்டும். லாரிப் பேட்டரியை இன்வெர்ட்டருக்குப் போட்டாலும் ஆறு மாசத்தில் படுத்துவிடும், அதுவும் வேண்டாம். ரீகண்டிஷன் பேட்டரியையும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

கடையில் தேதிக் குறியீட்டைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தயாரித்து மூன்று மாசத்துக்குள் இருந்தால் நல்லது, ஆறு மாசம் தாண்டியதை எடுக்காதீர்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், முடிந்தால் ஒரே தேதி. கடையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள், 12.5க்குக் கீழே இருந்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், உங்கள் காசு.

வாரண்டியில் இரண்டு பகுதி இருக்கும். முதல் சில மாசம் இலவசமாக மாற்றிக் கொடுப்பது, மீதி மாசம் கழிவு மட்டும். மொத்த மாசத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், முதல் பகுதி எவ்வளவு என்று கேளுங்கள். கார்டில் வண்டி நம்பரும் தேதியும் சீலும் இருக்கட்டும்.

மூடி உள்ளதா, மூடி இல்லாத சீல்டா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். மாசம் ஒரு தடவை திறந்து பார்க்கிற ஆள் வண்டியில் இருந்தால் மூடி உள்ளதுதான் என் கட்சி, ஒவ்வொரு செல்லையும் சோதிக்கலாம். வட இந்தியா லைனில் ஓடுகிற, யாரும் எட்டிப் பார்க்காத வண்டி என்றால் சீல்டு போடுங்கள். அதில் தெரிகிற பச்சைக் கண்ணை மட்டும் நம்பாதீர்கள், அது ஆறு செல்லில் ஒரு செல்லின் நிலைமையைத்தான் காட்டும்.

டிப்பர், ஜல்லி வண்டி வைத்திருப்பவர்கள் கிளாம்பை மறக்காதீர்கள். பேட்டரி தட்டில் துள்ளினால் உள்ளே பிளேட் உதிர்ந்து அடியில் சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும். எவ்வளவு நல்ல பேட்டரியும் ஆடினால் நிலைக்காது. அடியில் பழைய டியூப் ரப்பர் ஒரு துண்டு போட்டு, அசைத்தால் வண்டியும் சேர்ந்து அசைகிற அளவுக்கு முடுக்குங்கள்.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள், ஈயம் எடைக்கு விலை உண்டு. ஆசிட்டை மண்ணில் கொட்டிவிட்டு எடைக்குப் போடுகிற வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள், அந்த இடத்தில் கிணற்றுத் தண்ணீர் நாசமாகிவிடும்.

மாட்டும்போது

கழற்றும்போது எர்த்தை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது எர்த்தைக் கடைசியில் மாட்டுங்கள். அப்போதுதான் ஸ்பேனர் சேசிஸில் பட்டாலும் பொறி பறக்காது. மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பாசிட்டிவ் கம்பம் கொஞ்சம் தடிமன், நெகட்டிவ் மெல்லிசு, கிளாம்ப் அடித்து ஏற்ற வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். மாறிப் போட்டால் டைனமோ டயோடு அந்த நொடியே போகும். மாட்டி முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு இரண்டுக்கும் சேர்த்து ஒரு தடவை, தனித்தனியாக ஒரு தடவை அளந்து, தேதியையும் அந்த மூன்று எண்களையும் பெயின்ட் பேனாவால் பேட்டரி மேலேயே எழுதிவிடுங்கள், அடுத்த தடவை வண்டி எந்த ஊரில் நின்றாலும் அங்குள்ள எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்து வேலையை ஆரம்பிக்கட்டும்.